14 வீடுகள் சேர்ந்து தயாராகப் பார்க்கிறோம்: பொதுப் பணத்தில் முதலில் எதை வாங்குவது?

தெருமுனை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் 14 வீடுகள், மொத்தம் 47 பேர். ஆறு பேர் 70 வயதைத் தாண்டியவர்கள். இரண்டு கைக்குழந்தைகள். ஒரு பெரியவர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) இருக்கிறார், நிமிடத்துக்கு 2 லிட்டர்.

புயல், வெள்ளம், நீண்ட மின்வெட்டு, சரக்கு வராமல் போவது என்று எது வந்தாலும் ஒன்றிரண்டு வாரம் வெளியாரை எதிர்பார்க்காமல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று பேசி, பொது நிதியும் சேர்த்தாகிவிட்டது. இனிமேல்தான் சிக்கல். பாதிப் பேர் பெரிய ஜெனரேட்டர் ஒன்று வாங்கிப் போடலாம் என்கிறார்கள். மீதிப் பேர் தானியம், தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே அறையில் பொதுவாகச் சேர்த்து வைக்கலாம் என்கிறார்கள்.

எதை முதலில் செய்வது? எது பொதுவில் இருக்கணும், எது அவரவர் வீட்டில் இருக்கணும்? மூன்று மாதத்தில் எல்லாரும் மறந்துபோகாமல் இதை எப்படி நடத்துவது? "ஒற்றுமையாக இருங்கள்" மாதிரி பதில் வேண்டாம், அளவோடு சொல்லுங்கள்.

---

நீர்க்கணக்கு

ஜெனரேட்டரை ஓரமாக வையுங்கள். முதலில் தண்ணீர்.

பேரிடர் நிவாரணத்தில் உலகம் முழுக்க வைத்திருக்கும் ஸ்ஃபியர் அளவுகோல் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர். குடிக்க, சமைக்க, கை கால் கழுவ எல்லாம் சேர்த்து. உங்கள் 47 பேருக்கு நாளுக்கு 705 லிட்டர், ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய 5,000 லிட்டர். அதாவது 5 டன் எடை. மொட்டை மாடியிலோ மேல்மாடி அறையிலோ இதை ஒரே இடத்தில் வைக்கும் எண்ணம் இருந்தால், கட்டுமானப் பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

இந்த 15ஐ இரண்டாகப் பிரியுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 4 லிட்டர், இது அவரவர் வீட்டில். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 112 லிட்டர், 20 லிட்டர் கேன் ஆறு போதும். 200 லிட்டர் டிரம் மலிவாகத் தெரியும், ஆனால் நிரம்பிய டிரம்மை யாராலும் நகர்த்த முடியாது. உள்ளே ஒருவர் அழுக்குக் குவளையை விட்டால் 200 லிட்டரும் கெட்டது. 20 லிட்டர் கேனில் குழாய் வைத்ததாக வாங்குங்கள், கை உள்ளே போக முடியாத வாய் இருக்கணும். உணவுத்தரப் பிளாஸ்டிக், வெளிச்சம் ஊடுருவாத நிறம். பால், பழச்சாறு, ரசாயனம் இருந்த பாத்திரம் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

மீதி 11 லிட்டர் கழுவுகிற தண்ணீர். இதைப் பொதுத் தொட்டியில் வைக்கலாம், மழையிலிருந்தும் பிடிக்கலாம். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. பெய்தால், சேதாரம் போக 800 லிட்டர் கைக்கு வரும். முதல் அரை முதல் ஒரு மி.மீ. மழையை, அதாவது அந்தக் கூரைக்கு 50–100 லிட்டரை, தொட்டிக்குள் விடாமல் வெளியே தள்ளணும். பறவை எச்சமும் தூசியும் அதில்தான் வரும். குழாயில் ஒரு கிளை போட்டு அடிமூடியில் சின்னத் துளை வைத்தால் அது தானாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். அந்தத் துளை இலையால் அடைத்துக்கொண்டால் மொத்த அமைப்பும் வீண், மாதம் ஒரு தடவை பார்க்கணும்.

இனி குளோரின். இதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். "இத்தனை லிட்டருக்கு இத்தனை சொட்டு" என்பது தெளிந்த தண்ணீருக்கு, புதிய மருந்துக்கு மட்டும் சரி. கிணறு, குளம், லாரித் தண்ணீர் ஒவ்வொன்றும் குளோரினை வேறு வேறு அளவில் விழுங்கும். அதனால் பக்கெட் டெஸ்ட் செய்யுங்கள்.

முதலில் 1% கரைசல்: 65–70% கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 1 லிட்டருக்கு 15 கிராம், 30–33% ப்ளீச்சிங் பவுடர் என்றால் 33 கிராம். கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேல் தெளிவை மட்டும் எடுத்து, வெளிச்சம் படாத பாட்டிலில் ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். உலோகக் கரண்டியும் வேண்டாம். பிறகு நாலு பக்கெட்டில் சுத்திகரிக்கப்போகும் அதே தண்ணீர் 20 லிட்டர் வீதம். ஊசியில்லாத சிரிஞ்சால் முதலாவதில் 2 மி.லி., அடுத்தடுத்து 4, 6, 8. கலக்கி நிழலில் 30 நிமிடம். பின் எஞ்சிய குளோரினை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். லிட்டருக்கு 0.5 மி.கி. அளவில் நிற்கும் பக்கெட்டுகளில் மிகக் குறைந்த மருந்து போட்டது எதுவோ அதுதான் உங்கள் அளவு. 4 மி.லி. பக்கெட் தேறினால், 1,000 லிட்டருக்கு 200 மி.லி. தண்ணீர் மூலம் மாறினால் திரும்பச் செய்யணும்.

கிட் வாங்கும்போது "ஃப்ரீ குளோரின்", அதாவது கிருமியைக் கொல்ல இன்னும் மீதமிருக்கும் குளோரினை, காட்டும் டிபிடி வகை (இளஞ்சிவப்பு நிறம் காட்டுவது) வாங்குங்கள். மஞ்சள் நிறம் காட்டும் பழைய சொட்டு மருந்து மொத்தக் குளோரினைக் காட்டும், ஏமாற்றிவிடும். நீச்சல்குள மருந்தில் சயனூரிக் அமிலம் கலந்தவை உண்டு, லேபிளில் அது இருந்தால் தொடாதீர்கள். கலங்கல் தண்ணீரை ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, நாலாக மடித்த துணியில் வடிகட்டிய பிறகே மருந்து. சேறு குளோரினைத் தின்றுவிட்டுக் கிருமியை விட்டுவிடும். கழிப்பறை கழுவும் அமிலம் இருக்கும் அலமாரியில் ப்ளீச்சிங் பவுடரை வைக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு.

நைட்ரேட், ஆர்சனிக், பூச்சிமருந்து இதெல்லாம் குளோரினிலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. கிணற்று நீரை இப்போதே லேபில் சோதித்து அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள்.

---

நேர்மின்

தண்ணீர் முதலில் என்பது சரி, ஆனால் அந்தப் பெரியவருக்கு அது பொருந்தாது. அவருக்கு மின்சாரம் நின்ற நிமிடத்திலிருந்து கணக்கு ஓடுகிறது.

5 லிட்டர் வகை கான்சன்ட்ரேட்டர் சுமாராக 300–350 வாட் இழுக்கும். பல மாடல்களில் ஓட்டத்தை 2 லிட்டருக்குக் குறைத்தாலும் மின்சாரம் பெரிதாகக் குறையாது. பிளக்கில் செருகும் வாட் மீட்டரை மாட்டி அளந்து பாருங்கள். 350 என்றால் நாளுக்கு 8.4 யூனிட். கடையில் "100 ஆம்ப்-அவர் லித்தியம்" என்று விற்கும் 12.8 வோல்ட் பேட்டரி 1,280 வாட்-அவர். முழுக்க வடிக்காமல் வைப்பது, இன்வெர்ட்டர் இழப்பு இரண்டும் போக 1,000 கிடைக்கும். மூன்று மணி நேரம்கூட முழுசாக வராது.

அவருக்கு முதல் காப்பு ஆக்சிஜன் சிலிண்டர். கணக்கு எளிது: சிலிண்டரின் நீர்க்கொள்ளளவு × அழுத்தம். 10 லிட்டர் சிலிண்டர் 150 பார் அழுத்தத்தில் 1,500 லிட்டர் வாயு, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 12 மணி நேரத்துக்கு மேல். கடைசிச் சொச்சத்தை நம்பாமல் 11 என்று வையுங்கள். இரண்டு சிலிண்டர் இருந்தால் ஏறக்குறைய ஒரு நாள் சமாளிக்கலாம். அதற்குள் ஜெனரேட்டரையோ மருத்துவமனையையோ முடிவு செய்துவிடணும். ஓட்ட அளவை மருத்துவர் எழுதித் தரட்டும். ரெகுலேட்டரை மாட்டப் பக்கத்து வீட்டில் ஒருவராவது பழகியிருக்கணும். சிலிண்டர் சுவரோடு சங்கிலியில் கட்டியிருக்கணும், அந்த அறையில் சுடர் விளக்கு, அடுப்பு, புகை எதுவும் கூடாது.

மற்ற 13 வீடுகளுக்கு வீட்டு பிளக்கில் வருகிற ஏசி மின்சாரமே தேவையில்லை. ஒரு வீட்டுக்கு 5 வாட் பல்பு மூன்று, 5 மணி நேரம்: 75 வாட்-அவர். நாலு போன்: 60. மொத்தம் 135. 14 வீட்டுக்கும் 1,900க்குள் அடங்கிவிடும். இதற்கு இன்வெர்ட்டரை 24 மணி நேரம் ஆன் செய்து வைத்தால், சும்மா இருக்கும்போதே 15 வாட் தின்கிற சாதாரண இன்வெர்ட்டர் ஒரு நாளில் 360ஐ விழுங்கிவிடும், இரண்டரை வீட்டின் பங்கு. அதனால் இன்வெர்ட்டர் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வரும் டிசி மின்சாரம்: போன் சார்ஜ் செய்ய ஒரு பொது மேசை, வீட்டுக்கு ரீசார்ஜ் விளக்குகள். காலையில் கொண்டுவந்து சார்ஜ் போட்டு மாலையில் எடுத்துப் போவது.

400 வாட் பேனல் ஒன்று, நாலரை மணி நேர நல்ல வெயில், இழப்பு போக 70%: 1,260 வாட்-அவர். இரண்டு பேனல், 25.6 வோல்ட் 100 ஆம்ப்-அவர் பேட்டரி ஒன்று. 12ஐ விட 24 வோல்ட் நல்லது: 1,000 வாட் எடுத்தால் 12இல் 90 ஆம்ப், 24இல் 45. கேபிள் பாதி கனம் போதும், சூடும் குறையும்.

பேனல் லேபிளில் திறந்த சுற்று வோல்டேஜ் (எதையும் இணைக்காதபோது வருவது) 49 என்று இருக்கும். இரண்டைத் தொடராகப் போட்டால் 98, கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) 100 வோல்ட் தாங்கும், சரிதானே என்று மாட்டுவார்கள். அந்த 49 என்பது 25 டிகிரியில். குளிரக் குளிர வோல்டேஜ் ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.3%. 10 டிகிரி காலையில் 102ஐத் தாண்டி கன்ட்ரோலர் போய்விடும். வாரன்டியும் கிடைக்காது. இணையாகப் போடுங்கள், அல்லது 150 வோல்ட் கன்ட்ரோலர் வாங்குங்கள்.

ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கணும். அது கேபிளைக் காக்க, கருவியை இல்லை. மாட்டும்போது கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகு பேனல், கழற்றும்போது தலைகீழ். லக்குகளை (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) சுத்தியால் அடித்து நசுக்காதீர்கள், ஹைட்ராலிக் கிரிம்பர் வாடகைக்குக் கிடைக்கும். முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டி ஒவ்வொரு இணைப்பின் சூட்டையும் பாருங்கள். பக்கத்துக் கேபிளைவிடச் சூடாக இருக்கும் லக் தளர்ந்த லக்.

ஜெனரேட்டர் வாங்குவதென்றால் சின்னதாக, அந்தக் கான்சன்ட்ரேட்டருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் அளவாக. மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப்போல் பல மடங்கு இழுக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஜன்னல் கதவிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போகிறபடி. கார் ஷெட்டில், படிக்கட்டுக்கடியில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும், வாசனையே தெரியாது. லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு பிளக்கில் ஜெனரேட்டரைச் செருகினால் மின்சாரம் பின்னோக்கிப் போய் லைனில் வேலை செய்பவரைத் தாக்கும்.

---

கூட்டுச்சாவி

மேலே இரண்டு பேரும் பொருளைச் சொல்லிவிட்டார்கள். நான் நடத்துவதைச் சொல்கிறேன்.

எது பொது என்பதற்கு ஒரே விதி போதும்: தீர்ந்துபோவது வீட்டில், எடுத்துத் திருப்பித் தருவது பொதுவில். தண்ணீர், தானியம், மாத்திரை வீட்டில். ஏணி, கயிறு, பம்ப், பேட்டரி, குளோரின் டெஸ்ட் கிட், முதலுதவிப் பெட்டி, கடப்பாரை பொதுவில். எல்லாத் தானியமும் ஒரே அறை என்றால் ஒரு எலி, ஒரு ஒழுகல் போதும். அதைவிட, மூன்றாம் நாளே "யார் எவ்வளவு எடுத்தார்" என்று தொடங்கிவிடும்.

ஒவ்வொரு பொதுப் பொருளுக்கும் இரண்டு பெயர் எழுதுங்கள், பொறுப்பாளர் ஒருவர், மாற்று ஒருவர். குழு என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். இருவர் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது, ஒரே சமயத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள். சாவியும் இரண்டு, இரண்டு வீட்டில்.

அடுத்தது, எப்போது எழுந்து நடப்பது என்பதை முன்பே எழுதி வையுங்கள். மின்சாரம் போய் கால் மணி: கான்சன்ட்ரேட்டர் வீட்டுக்கு ஒருவர் நேரில் போகணும். 4 மணி நேரம்: ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டணும், 14ஆம் வீடு 1ஆம் வீட்டை. 24 மணி நேரம் குழாயில் தண்ணீர் இல்லையென்றால் கழுவுவதற்கான பங்கு பாதி. இந்த எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் எண்ணாக இருக்கட்டும். "நிலைமை மோசமானால்" என்று எழுதினால் அது மோசமா இல்லையா என்று வாதாடுவதிலேயே பொழுது போய்விடும்.

போன் வேலை செய்யாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் ஒரு கரும்பலகை, தினமும் இரண்டு நேரம் அங்கே கூடுவது. வாக்கி டாக்கி வாங்கினால் உங்கள் நாட்டில் உரிமம் வேண்டாத அலைவரிசையா என்று பாருங்கள். அரை வாட் செட் கட்டடங்களுக்கு நடுவே சில நூறு மீட்டர்தான் எட்டும், பெட்டியில் அச்சடித்த கிலோமீட்டரை நம்பாதீர்கள். ஒவ்வொரு மணியின் முதல் 5 நிமிடம் மட்டும் ஆன் செய்து கேட்பது என்று வைத்தால் பேட்டரி பல நாள் வரும்.

நோய், மருந்து விவரங்களை வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். சம்மதித்தவர்களுடையது மட்டும், ஒட்டிய உறையில், இரண்டு பேரிடம்.

மறந்துபோகாமல் இருக்க: மாதம் ஒரு ஞாயிறு, அரை மணி. ஜெனரேட்டரை லோடோடு ஓட்டு, கிட்டின் காலாவதித் தேதியைப் பார், ஒரு கேனை மாற்று, கையெழுத்துப் போடு. வருடத்தில் ஒன்றிரண்டு முறை மெயினை அணைத்து ஒரு மாலை முழுக்க ஒத்திகை. அதில் உங்கள் கூட்டத்தில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்கிற ஒருவர் இருப்பார் இல்லையா, அவரை நாற்காலியில் உட்காரவைத்து வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். எங்கே தடுமாறுகிறதோ அதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும் இருக்கிற விஷயம், எழுதப்படாதது.

---

உமிநீக்கி

கூட்டுச்சாவி சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். தீர்ந்துபோவது எல்லாம் வீட்டில் என்றால், இரண்டு வாரத்துக்கு வாங்கி வைக்க வசதியில்லாத வீடு என்ன செய்யும்? அடுத்தவரிடம் கேட்கக் கூச்சப்பட்டுப் பட்டினி கிடக்கும். ஒவ்வொரு வீடும் தன் இருப்பில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவில் போடட்டும். காரணம் கேட்காமல் கொடுப்பது என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

அளவு: ஆளுக்கு நாளுக்குத் தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 30 மி.லி. இது ஏறக்குறைய 1,900 கிலோகலோரி. 14 நாளுக்கு ஒருவருக்குத் தானியம் 5.6 கிலோ, பருப்பு 840 கிராம். தானியம் ஈரமாக இருந்தால் எந்த டப்பாவும் காப்பாற்றாது. காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கைப்பிடித் தானியமும் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்கிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரப்பதம் 15%க்கு மேல், வெயிலில் போடுங்கள். ஒட்டாவிட்டால் 15%க்குக் கீழே என்பது மட்டும்தான் தெரியும். நீண்ட நாள் வைக்க 12% வேண்டும், அதற்கு மீட்டர். காற்றுப் புகாத பையில் ஆக்சிஜன் உறிஞ்சி போட்டு மூட 10%க்குக் கீழே வேண்டும், ஈரமும் காற்றின்மையும் சேர்ந்தால் பொட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான உணவு நச்சு வரலாம். உறிஞ்சிப் பாக்கெட்டைத் திறந்தால் அரை மணிக்குள் எல்லாப் பையும் மூடியாகணும்.

எரிபொருளை யாரும் சொல்லவில்லையே? பருப்பை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஒரு கொதி வந்ததும் மூடிப் போர்வையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால் மீதியைச் சூடே வேகவைக்கும். ராஜ்மா வகைக்கு மட்டும் முதலில் நீரை மாற்றிப் பத்து நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கணும், அரைகுறையாக வெந்தால் வாந்திதான்.

---

தெருமுனை

மிக்க நன்றி. பத்தில் ஒரு பங்கு யோசனையைக் கூட்டத்தில் வைக்கிறேன், நாளைக்கே வாட் மீட்டரும் மாட்டிவிடுவோம். ஒரு சந்தேகம்: 15 லிட்டரில் கழிப்பறையும் சேர்த்தியா? எங்களுடையது மூன்று மாடி.

---

நீர்க்கணக்கு

ஃப்ளஷ் சேராது. ஒரு ஃப்ளஷ்ஷுக்கு 6 லிட்டர் என்றாலே ஆளுக்கு ஒரு நாளில் ஐந்து தடவைக்கு 30 லிட்டர் போகும், உங்கள் மொத்தப் பங்கின் இரு மடங்கு. கழுவிய தண்ணீரைப் பிடித்து வைத்து, பக்கெட்டால் மலத்துக்கு மட்டும் ஒரே வீச்சில் ஊற்றுங்கள். சிறுநீருக்கு ஒரு குவளை போதும்.

தண்ணீரே இல்லாத நிலைக்கு வீட்டுக்கு இரண்டு 20 லிட்டர் மூடி வாளி: ஒன்று சிறுநீருக்கு, ஒன்று மலத்துக்கு. கலந்தால்தான் நாற்றமும் வழிதலும். மலத்தின் மேல் ஒவ்வொரு முறையும் ஒரு குவளை சாம்பலோ காய்ந்த மரத்தூளோ. புதைக்கும் குழி கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டராவது மேலே.

மூன்று மாடி என்றதால் இன்னொன்று. கழிவுநீரைப் பம்ப் வைத்து வெளியேற்றும் கட்டடமா என்று பாருங்கள். அப்படியானால் மின்சாரம் போனதும் மேல்மாடியில் ஃப்ளஷ் செய்வது தரைத்தள வீட்டுக் கழிப்பறையில் பொங்கும். வெள்ளத்தில் தெருச் சாக்கடை நிரம்பினாலும் அதே கதை. தரைத்தளக் குழாயில் பின்னோட்டத் தடுப்பு வால்வு இருக்கிறதா, இருந்தால் அதன் கதவு துருவோ குப்பையோ பிடித்துத் திறந்தபடியே நிற்கிறதா என்று மேன்ஹோல் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.